கரும்புள்ளி செம்புள்ளி யார் முகத்தில்?

அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 500 மீட்டர் நீள ரோட்டில் மூன்று வருசத்துக்குள் 10 பேர் செத்திருக்க வேண்டும். அல்லது சாவோ கொடுங்காயமோ உண்டாக்கிய விபத்து 5 நடந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்துக்குக் 'கரும்புள்ளி' என்று பெயர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2015இல் வகுத்த இலக்கணம் இது.

நான்கு விபத்தில் ஒன்பது பேர் செத்த இடம் கரும்புள்ளி ஆகாது. பத்தாவது பிணம் விழ வேண்டும். அதுவரை அது நல்ல ரோடு, வளர்ச்சி ரோடு, டோல் கட்டிப் போகிற ரோடு. அந்தப் பத்தாவது ஆள் யார் என்பதுதான் நம்முடைய கேள்வி. விடியற்காலை நாலரை மணிக்குக் கோழிப்பண்ணைக்குப் போகிற எங்க அக்காளா? சேகோ பேக்டரியில் ராத்திரி சிப்ட் முடித்து டிவிஎஸ் 50இல் தூங்கி வழிந்துகொண்டு வருகிற எங்க தம்பியா? ரோட்டு நடுவில் அரளிச் செடிக்குத் தண்ணி ஊத்துகிற காண்ட்ராக்ட் கூலியா?

நம்ம ஊர்ப்பக்கம் தப்புப் பண்ணினவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்கோலம் விடுவதாகச் சொல்வார்கள். அந்தத் தண்டனை பெரும்பாலும் யார் முகத்தில் குத்தப்பட்டது என்று நமக்குத் தெரியும். இன்றைக்கு நெடுஞ்சாலைத் துறை மண்ணின்மேல் கரும்புள்ளி குத்துகிறது. குற்றம் செய்தவன் முகம் வெள்ளையாகவே இருக்கிறது. செத்தவன் ரத்தம்தான் செம்புள்ளி.

நம்ம ஜில்லா ரோடுகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவனுக்கு லாரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள். சங்ககிரியில் பட்டறை. திருச்செங்கோட்டில் ரிக். முட்டையும் காஸும் சிமெண்டும் ராத்திரி பகல் ஓடுகின்றன. வடக்கே பெங்களூர், தெற்கே மதுரை, மேற்கே கொச்சி, கிழக்கே உளுந்தூர்ப்பேட்டை. நாலு திசை ரோடும் சேலத்தில்தான் முட்டிக்கொள்கிறது. சாவும் இங்கேதான் முட்டிக்கொள்கிறது.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவும் வளைவும் சேர்ந்த ரோடு. பாரம் ஏற்றிய லாரி கியரில் இறங்காமல் நியூட்ரலில் இறங்கினால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிரம் காய்ந்து சூடேறி, கடைசி வளைவில் பிரேக் பிடிக்காது. 2020 டிசம்பர் 12இல் ஒரு லாரி வரிசையாகப் பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை நசுக்கி 4 பேர் செத்தார்கள். 2024 ஜனவரி 24இல் மறுபடியும் அதே கணவாய், மறுபடியும் 4 சாவு. அந்தக் காட்சி கேமராவில் பதிவாகி நாடே பார்த்தது. பார்த்து உச்சுக் கொட்டியது. இத்தனைக்குப் பிறகுதான் மேம்பாலச் சாலைத் திட்டம் வேகமெடுத்தது.

சேலம் – உளுந்தூர்ப்பேட்டை ரோட்டின் கதை இன்னும் அசிங்கம். 'நான்கு வழிச்சாலை' என்று பெயர். டோல் வசூலும் அந்தப் பெயரில்தான். ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என்று ஊரைச் சுற்றிப் போகிற புறவழி எட்டிலும் இரண்டே வழிதான் போட்டார்கள். நான்கு வழியில் 100இல் வந்தவன் திடீரென்று இரண்டு வழிக்குள் நுழைந்தான். எதிரே வந்தவனும் அப்படித்தான் நுழைந்தான். நடுவில் திண்டு இல்லை. நேருக்கு நேர் மோதாமல் வேறென்ன செய்யும்? சனங்கள் அதை மரணப் பாதை என்றே கூப்பிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கூப்பிட்டார்கள். டோல் ஒரு நாளும் நிற்கவில்லை. பாதி ரோட்டைப் போட்டுவிட்டு முழுக்காசு வாங்குவதற்குச் சந்தையில் வேறு பேர் வைப்பார்கள். இங்கே அதற்குத் தனியார் பங்களிப்பு என்று பேர்.

அப்புறம் நின்றுகொண்டிருக்கிற லாரி. 2018 செப்டம்பர் 1 அதிகாலை, சேலம் மாமாங்கம். ஓரத்தில் நின்ற வண்டியில் தொடங்கிய விபத்து இரண்டு பஸ்கள் மோதியதில் முடிந்து 7 பேர் போனார்கள். 2023 செப்டம்பர் 6 அதிகாலை, சங்ககிரி பக்கம் சின்னாகவுண்டனூர். ரோட்டோரம் நின்ற லாரியின் பின்னால் ஓம்னி வேன் புகுந்து ஒரே குடும்பத்தில் 6 பேர். அதில் ஒன்று ஒரு வயதுக் குழந்தை. லாரிக்காரன் ஏன் ரோட்டோரம் நிறுத்தினான்? நிறுத்த வேறு இடம் எங்கே கட்டி வைத்தீர்கள்? லாரிகளின் தலைநகரம் என்று பெருமை பேசுகிற மண்ணில், டோல் வாங்கிய கோடிகளில், விளக்குப் போட்ட நிறுத்துமிடமும் குளிக்கத் தண்ணியும் படுக்க ஒரு கொட்டகையும் எத்தனை மைலுக்கு ஒன்று இருக்கிறது? டோல் கேட் கட்டத் தெரிந்தவனுக்குக் கொட்டகை கட்டத் தெரியவில்லை.

டிரைவரைத் தூக்கில் போடு என்கிறவர்களுக்கு

எந்த விபத்து நடந்தாலும் மறுநாள் பேப்பரில் ஒரே வரி: டிரைவரின் கவனக்குறைவு. வழக்கு முடிந்தது. ரோட்டை வளைத்தவன் இல்லை, விளக்குப் போடாதவன் இல்லை, ஓவர்லோடு ஏற்றச் சொன்ன முதலாளி இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தவன் மட்டும்தான் இருக்கிறான்.

1961லேயே ஒரு சட்டம் போட்டார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்குமேல் வேலை வாங்காதே என்றது. நாமக்கல் லாரியில் ஏறிக் குஜராத் போய்வருகிற டிரைவரிடமும் கிளீனரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். தூங்கினால் டிரிப் போச்சு, டிரிப் போனால் படி போச்சு. தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவன் சாகப் பிரியப்பட்டுப் போடவில்லை. டீசல் கணக்கில் நாலு லிட்டர் மிச்சம் பிடித்தால்தான் வீட்டுக்கு நாலு காசு. அந்தக் கணக்கை எழுதியவன் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

புதுத் தண்டனைச் சட்டத்தில், பாரதிய நியாய சன்ஹிதாவில், மோதிவிட்டுச் சொல்லாமல் ஓடினால் 10 வருசம் என்று 106(2)ஐ எழுதினார்கள். 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு 2024 ஜூலை 1இல் சட்டத்தை அமலாக்கினார்கள். உழைக்கிறவன் ஒன்றாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ரோட்டைத் தப்பாக வடிவமைத்த, தப்பாகக் கட்டிய, தப்பாகப் பராமரித்த அதிகாரிக்கும் காண்ட்ராக்டருக்கும் கன்சல்டண்டுக்கும் தண்டனை. என்ன தண்டனை? அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் அபராதம். பிளானில் கோளாறு பண்ணிப் பத்துப் பேரைக் கொன்றவனுக்கு ஒரு லட்சம். ஓட்டிக்கொண்டு போனவனுக்குப் பத்து வருசம். ஒரே சாவுக்கு இரண்டு தராசு. இது நமக்குப் புதுசா? மேலே இருப்பவனுக்குச் சிகையை மழித்தால் போதும், கீழே இருப்பவனுக்குச் சிரத்தை எடு என்று எழுதி வைத்த மனுவின் பேரன்மார்தானே சட்டம் எழுதுகிறார்கள்.

மாட்டுக்கு எட்டு, மனுசனுக்கு?

ரோட்டுக்குச் சாதி உண்டா என்று சில தோழர்களே கேட்கிறார்கள். லாரி மோதும்போது சாதி பார்த்தா மோதுகிறது என்று நக்கல் பண்ணுகிறார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம்.

2022இல் இந்தியா முழுக்க ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. செத்தவர்களில் டூவீலரில் போனவர்கள் 74,897. நடந்து போனவர்கள் 32,825. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 64 பேர். மொத்த ரோட்டு நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் தேசிய நெடுஞ்சாலை, சாவில் நூற்றுக்கு 36 பங்கு அதில். காரில் பெல்ட் போட்டு, பலூன் வைத்துப் போகிறவனும் சாகிறான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ரோடு யாரைத் தின்று வளர்கிறது என்பதை அரசாங்கத்தின் கணக்கே சொல்கிறது.

செத்தவன் ஆணா பெண்ணா, வயது என்ன, எந்த வண்டி என்று அந்த அறிக்கையில் பத்தி பத்தியாகப் போட்டிருக்கிறார்கள். சாதி கிடையாது. நல்லதுதானே, சாதி பார்க்காத அரசாங்கம் என்று யாரும் ஏமாற வேண்டாம். இதே அரசாங்கத்தின் குற்ற ஆவணக் காப்பகம் வருசா வருசம் சிறைப் புள்ளிவிவரம் போடுகிறது. அதில் கைதிகளில் எத்தனை பேர் பட்டியல் சாதி, எத்தனை பேர் பழங்குடி என்று தனித்தனியாகப் போடுகிறது. சிறைக்குள் போகிற நம்மை எண்ணத் தெரிகிறது. ரோட்டில் சாகிற நம்மை எண்ணத் தெரியவில்லை. எண்ணினால் பதில் சொல்ல வேண்டுமே!

இன்னும் உள்ளே போவோம். ரோடு போடுமுன் எஞ்சினியர் போக்குவரத்தை எண்ணுவார். எல்லா வண்டியையும் ஒரே அளவில் கொண்டுவர இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஒரு எண் வைத்திருக்கிறது. கார் என்றால் 1. லாரியும் பஸ்ஸும் 3. சைக்கிளும் பைக்கும் அரை. தள்ளுவண்டி 3. மாட்டுவண்டி 8. நடந்து போகிற மனுசனுக்கு? அந்தப் பட்டியலில் அவனுக்கு இடமே இல்லை. மாட்டுக்கு எட்டு, மனுசனுக்கு ஒன்றுமில்லை. மாட்டுக்காக மனுசனை அடித்துக் கொல்கிற நாட்டில் இந்தக் கணக்கு ஒன்றும் ஆச்சரியமில்லைதான்.

நடக்கிறவனுக்கு வேறு சூத்திரம் வைத்திருக்கிறோம் என்பார்கள். வைத்திருக்கிறார்கள். மணிக்கு எத்தனை பேர் ரோட்டைக் கடக்கிறார்கள், எத்தனை வண்டி போகிறது என்று எண்ணி, வண்டி எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, அதை ஆள் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். நடுத்திண்டு உள்ள ரோட்டில் அந்தத் தொகை 20 கோடியைத் தாண்டினால் கடப்பதற்கு வசதி செய்து தரத் தகுதி. மணிக்கு ஆயிரம் வண்டி போகிற ரோட்டில் கணக்குப் போடுங்கள். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். 20 கோடி வர வேண்டுமென்றால் மணிக்கு 200 பேர் கடக்க வேண்டும். ஐந்நூறு வண்டி போகிற ரோடு என்றால் 800 பேர்.

நாற்பது வீடு இருக்கிற வளவில் மணிக்கு 200 பேர் எப்படிக் கடப்பார்கள்? பொறந்த குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய் வந்தாலும் கணக்கு நிறையாது. சூத்திரத்தில் சாதி என்ற சொல் கிடையாது. ஆனால் சிறு கூட்டமாக, ஊருக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுக்கிவைக்கப்பட்டவன் யார்? அவன் அந்தச் சூத்திரத்தில் ஒரு நாளும் தேற மாட்டான். ஒதுக்கியது சாதி. எண்ணிக்கை பத்தாது என்று தள்ளுவது சூத்திரம். சாதி ஆரம்பித்த வேலையைச் சூத்திரம் முடித்து வைக்கிறது.

ஊர் ஒரு பக்கம், வளவு ஒரு பக்கம்

நம்ம பகுதியில் எந்த நெடுஞ்சாலை ஓரமாவது போய் நின்று பாருங்கள். ரேசன் கடை எந்தப் பக்கம்? பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? பஸ் நிற்பது எங்கே? தண்ணித் தொட்டி எங்கே? சுடுகாடு எங்கே? எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டு, அருந்ததியர் வளவும் பறையர் தெருவும் எங்கே என்று குறியுங்கள். நடுவில் ரோடு எப்படி ஓடுகிறது என்று கோடு போடுங்கள். சுரங்கப்பாதை எங்கே வந்திருக்கிறது, நடுத்திண்டில் இடைவெளி எங்கே விட்டிருக்கிறது, சர்வீஸ் ரோடு எதுவரை வந்து நின்றுவிட்டது என்று பாருங்கள். இதை ஒவ்வொரு கிளையும் செய்யட்டும். அந்தப் படம் பேசும்.

இது எப்படி நடக்கிறது? சதி செய்து, ரகசியமாகக் கூடி நடக்கவில்லை. சட்டப்படியே நடக்கிறது. 1956ஆம் வருசத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில், நிலம் எடுக்க அறிவிப்பு வந்தால் 21 நாளைக்குள் ஆட்சேபம் சொல்லலாம். யார் சொல்லலாம்? அந்த நிலத்தில் பாத்தியம் உள்ளவன். நிலம் இருக்கிறவன் போய் எழுதிக் கொடுப்பான், வக்கீல் வைப்பான், எம்எல்ஏவைப் பார்ப்பான், என் தோட்டத்துக்கு வழி வேணும் என்பான், பாலம் கேட்பான். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக நிலமே இல்லாமல் ஆக்கப்பட்டவன் என்ன ஆட்சேபம் சொல்வான்? அவனுக்கு அந்தத் தோட்டத்தில் வேலை உண்டு, வேர்வை உண்டு, பாத்தியம் மட்டும் கிடையாது. ரோடு வந்த பிறகு தோட்டம் அந்தப் பக்கம், வளவு இந்தப் பக்கம். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, எமனைத் தாண்டித்தான் கூலி.

திண்டைத் தாண்டுகிறார்கள், ஒழுக்கம் இல்லை, விழிப்புணர்வு இல்லை என்கிறார்கள். சாலைப் பாதுகாப்பு மாதம் கொண்டாடி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து ஊர்வலம் விடுகிறார்கள். ஹெல்மெட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்பதை நாமும் சொல்கிறோம், நம்ம பையன்களிடம் கண்டித்தே சொல்ல வேண்டும். டாஸ்மாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அரசாங்கம் அதைச் சொல்வதுதான் வேடிக்கை. ஆனால் ரெண்டு கிலோமீட்டர் சுற்றிப் போனால் பாலம் இருக்கிறது என்று, தலையில் புல்லுக்கட்டு வைத்திருக்கிற கிழவியிடம் சொல்வதற்குப் பெயர் விழிப்புணர்வு இல்லை. திமிர்.

சாலிஸ்காவ்ன் பாடம்

விபத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தன் காலை ஒடித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். 1929. தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசாங்கம் போட்ட குழுவில் அவர் உறுப்பினர். சாலிஸ்காவ்ன் ஸ்டேசனில் இறங்கினார். நம் சனங்கள் வரவேற்க வந்திருந்தார்கள். சேரிக்குக் கூட்டிப்போகக் குதிரைவண்டி பிடித்தார்கள். தீண்டப்படாதவனை வைத்து ஓட்ட மாட்டேன் என்றான் வண்டிக்காரன். கடைசியில் வண்டியை வாடகைக்குத் தருகிறேன், ஓட்ட மாட்டேன் என்று சமரசம். ஓட்டிப் பழக்கமில்லாத நம்ம ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் மாட்டியது. குதிரையும் வண்டியும் ஆற்றில். அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்து கிடந்தார். வெளிநாட்டில் பாரிஸ்டர் படித்து வந்தவர்.

இந்த விபத்துக்கு முதல் தகவல் அறிக்கை எழுதினால் என்ன எழுதுவார்கள்? 'ஓட்டுநரின் கவனக்குறைவு.' ஓட்டத் தெரியாதவன் கையில் கடிவாளம் எப்படி வந்தது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெயர்தான் தலித் அரசியல்.

இந்த நாட்டில் ரோட்டில் நடப்பதே நமக்கு ஒரு போராட்டமாக இருந்தது. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறித் தடுக்கப்பட்ட ரோட்டில் ஓட்டினார். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய ரோட்டில் நடக்கத்தான் அத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள், பெரியாரும் போனார். அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொது ரோட்டில், தெருவில் எந்த வகுப்பைச் சேர்ந்தவனும் நடக்கலாம், தடையில்லை என்று. நூறு வருசம் ஆகிவிட்டது. நடக்கும் உரிமையை வாங்கிவிட்டோம். நடந்து உயிரோடு வீடு போய்ச் சேருகிற உரிமைதான் பாக்கி.

செத்த பிறகும் தராசு

ரோட்டில் செத்தவனுக்கு உதிரி உதிரியாகக் கிடப்பதை அள்ளிக் கட்டுகிறவர் யார்? பிணவறையில் வெட்டித் தைக்கிறவர் யார்? தார் ரோட்டில் உறைந்த ரத்தத்தைத் தண்ணி ஊத்திக் கழுவுகிறவர் யார்? பெரும்பாலும் நம்ம ஆளுகதான். பாலம் கேட்கும்போது பார்க்காத கண்ணுக்குப் பிணம் தூக்கும்போது மட்டும் நம்ம வீடு எங்கேயென்று தெரிகிறது.

அடுத்தது நட்டஈடு. செத்தவன் என்ன சம்பாதித்தானோ அதில் அவன் சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்குத் தக்க எண்ணால் பெருக்குவது விதி. 28 வயதுக்காரன், நாலு பேரைக் காப்பாற்றுகிறவன் என்றால் நாலில் ஒரு பங்கைக் கழித்து 17ஆல் பெருக்க வேண்டும். மாசம் லட்சம் வாங்கியவன் உயிர் 1 கோடியே 53 லட்சம். மாசம் பத்தாயிரம் வாங்கிய கூலி உயிர் 15 லட்சத்து 30 ஆயிரம். இதோடு நிற்கவில்லை. இருந்திருந்தால் வருமானம் உயர்ந்திருக்குமே என்று சேர்க்கச் சொல்லி 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 40 வயதுக்குள் நிரந்தர வேலைக்காரன் என்றால் 50 சதம். சொந்தத் தொழில், மாறாத கூலி என்றால் 40 சதம். செத்த பிறகும் கூலிக்காரனுக்கு முன்னேற்றம் பத்துச் சதம் கம்மி!

வருமானமே இல்லாதவருக்கு வருசத்துக்கு 15,000 ரூபாய் என்று 1994இல் அட்டவணையில் போட்டதை 2018 வரை 24 வருசம் தொடவில்லை. அதற்குள் டோல் எத்தனை தடவை ஏறியது?

டாடா ஏஸ் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற சனங்கள் கவிழ்ந்து செத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. காட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் நம்மைச் சரக்காக ஏற்றுகிறான். செத்தால், நீ சரக்கும் இல்லை, பயணியும் இல்லை என்கிறான்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் 2022இல் மட்டும் 30,486 பேர் செத்திருக்கிறார்கள். அப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று 2022 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் இருக்கிறது. அதற்கு முன்னால் சாவுக்கு 25,000தான். நம்ம வளவுகளில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? ரோட்டுச் சாவுக்கு எதிராகக் கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், போலீஸ்காரனே போய்க் குடும்பத்திடம் இந்தத் திட்டத்தைச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. சொல்ல வைப்பது நம் வேலை.

விபத்து என்ற சொல்லே ஒரு மூடுதுணி. இதே திருச்செங்கோடு – பள்ளிபாளையம் மண்ணில் 2015இல் ஓமலூர் கோகுல்ராஜ் தண்டவாளத்தில் கிடந்தார். தற்கொலை என்று கதை கட்டினார்கள். தாய் விடவில்லை, இயக்கங்கள் விடவில்லை. 2022இல் ஆயுள் தண்டனை, 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. சாவுக்கு அவன் வைக்கிற பேரை நாம் ஒத்துக்கொள்ளாததால்தான் அது கொலை என்று நிரூபணம் ஆனது. ரோட்டுச் சாவு அந்த மாதிரிக் கொலை இல்லை, தெரியும். அங்கே கையில் அரிவாள் வைத்திருந்தவன் உண்டு, இங்கே கையில் கோப்பு வைத்திருக்கிறவன் உண்டு. ஆனால் 'விதி', 'முனி அடிச்சிருச்சு', 'கவனக்குறைவு' என்று அவன் வைக்கிற பேரை ஒத்துக்கொள்ளாதே என்பது இங்கேயும் பாடம். வளைவில் பூசணிக்காய் உடைத்து முனியை விரட்ட முடியாது. அந்த முனி நெடுஞ்சாலை ஆணையத்தில் சம்பளம் வாங்குகிறது.

என்ன செய்ய வேண்டும்

சாவு விழுந்த வீட்டில் அழுதுகொண்டிருந்தால் மட்டும் போதாது தோழர்களே. முதல் தகவல் அறிக்கை நகலைக் கையில் வாங்குங்கள். இப்போதைய சட்டப்படி நட்டஈட்டு மனுவை 6 மாசத்துக்குள் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, கெடுவைக் காட்டி மனுவைத் தள்ளாதே என்று 2025இல் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையெழுத்து வாங்குகிற புரோக்கர்களிடம் விட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் கேளுங்கள். மோதிவிட்டு ஓடிய வண்டி என்றால் கோட்டாட்சியர், தாசில்தார் ஆபீசில் மனுக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

கிளைகள் தோறும், கிராம சபை தோறும் வைக்க வேண்டிய கோரிக்கைகள்:

1. பத்துப் பிணம் விழுந்தால்தான் கரும்புள்ளி என்கிற இலக்கணத்தைக் கிழித்தெறி. ரோடு திறக்கும் முன்னும், முதல் விபத்து நடந்த உடனும் ஆய்வு செய்.

2. நெடுஞ்சாலையால் துண்டிக்கப்பட்ட ஒவ்வொரு தலித் குடியிருப்புக்கும், ஆள் எண்ணிக்கைச் சூத்திரம் பார்க்காமல், நடந்து கடக்கப் பாதையும் விளக்கும் கொடு.

3. ரோடு வரும்போது நிலம் உள்ளவனிடம் மட்டும் கேட்காதே. நிலமற்ற கூலிகளின் குடியிருப்பைக் கூட்டி வைத்துக் கேள்.

4. ரோட்டில் சாகிறவர்களின் சாதி, தொழில், குடியிருப்பைக் கணக்கெடுத்து வெளியிடு.

5. எந்த உயிருக்கும் இதற்குக் கீழே இல்லை என்று நட்டஈட்டுக்கு ஒரே அடிமட்டத் தொகை வை.

6. டோல் வாங்குகிறவன் லாரி நிறுத்துமிடமும் ஓய்வுக் கொட்டகையும் கட்டி முடிக்கும்வரை டோலை நிறுத்து.

7. 198ஏ பிரிவில் எத்தனை எஞ்சினியர்மேல், எத்தனை காண்ட்ராக்டர்மேல் வழக்குப் போட்டாய் என்று மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் கலெக்டர் பதில் சொல்லட்டும்.

மனு கொடுத்தால் மட்டும் நடந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. இதே சமவெளியில் ஒரு பாலம் வந்திருந்தால், ஒரு விளக்கு எரிந்திருந்தால், அது சனங்கள் ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் வந்திருக்கும். பிணத்தை வைத்துக்கொண்டு மறியல் பண்ணுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இனி பிணம் விழும் முன்னால் மறிப்போம். ஐந்து நிமிசம் டோல் நின்றால் அவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு உயிர் போனால் நமக்கு எவ்வளவு வலிக்கும் என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

ரோட்டில் குத்திய கரும்புள்ளியை அழிக்க வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பிளானில் கையெழுத்துப் போட்டவன் முகத்தில் குத்துவோம்.